தொலைந்த பாக்கெட்டுகளின் கணக்கு

இரண்டு ஊர்களில் இரண்டு கண்காணிப்புக் கருவிகளை நிறுவி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சோதனைப் பாக்கெட்டுகளை இடைவிடாமல் அனுப்பி, அனுப்பியவை இத்தனை, வந்து சேர்ந்தவை இத்தனை, ஆகவே வழியில் தொலைந்தவை இத்தனை என்று தீர்மானிப்பது பார்வைக்கு வெறும் கழித்தல் கணக்காகவே தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பியதால்தான், வலையமைப்பைப் பராமரிப்போரிடையேயும் அவர்கள் தரும் அறிக்கையை வாசிக்கும் நிர்வாகிகளிடையேயும் சில அபிப்பிராயங்கள் பிரமாணங்களைப் போல வேரூன்றி, குற்றமற்ற ரவுட்டர் மாற்றப்படுவதும், பழுதுற்ற ரவுட்டர் சந்தேகத்துக்கே உட்படாமல் இருப்பதும் சர்வ சாதாரணமாகிவிட்டன. இழப்பு விகிதத்தை ஒரு பாதைக்கு நிரந்தரமாக உரிய குணமாகக் கொள்ளலாகாது. எந்தப் பாக்கெட்டுகளை, எந்தத் திசையில், எத்தனை, எவ்வளவு காலம் அனுப்பினோமோ அவை தரும் சாட்சியம் மாத்திரமே அது என்பதை வற்புறுத்தவே இக்கட்டுரை.

முதலாவது, பிங் காட்டும் இழப்பே பாதையின் இழப்பு என்னும் நம்பிக்கை. அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக் கூடத்தில் மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய அந்தச் சிறிய நிரல் உலகுக்குச் செய்துள்ள உபகாரம் பெரிது. ஆயினும் அது அறிவிப்பது போய்த் திரும்பிய யாத்திரையின் முடிவைத்தான். பதிவுத் தபாலுக்கு உரிய ஒப்புகை அட்டை திரும்பி வராதபோது, கடிதம் சேரவில்லையா, கடிதம் சேர்ந்து அட்டை மட்டும் தொலைந்ததா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லாதது போலவே, பிங் அனுப்பியவருக்கும் தவறு எந்தத் திசையில் என்பது புலப்படாது. இணையத்தில் போகும் வழியும் திரும்பும் வழியும் வெவ்வேறாக அமைவது விசேஷமன்று என்பதால், இந்த அறியாமை சாமானியமானதல்ல.

இரண்டு முனைகளிலும் நம்முடைய கருவிகளே இருக்கும்போது இந்தக் குறைக்குப் பரிகாரம் கைவசமே உள்ளது. 2006இல் வகுக்கப்பட்ட ஓவாம்ப் என்னும் நெறிமுறையில், பெறும் கருவியே வந்த பாக்கெட்டுகளின் வரிசை எண்களைப் பார்த்து விடுபட்டவற்றைக் குறித்துக்கொள்கிறது. 2008இல் வந்த ட்வாம்ப் நெறிமுறையிலோ, எதிர்முனைக் கருவி தான் திருப்பியனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தன் சொந்த வரிசை எண்ணையும் இடக்கூடும். அவ்வாறு அமைந்தால், ஆயிரம் அனுப்பிய இடத்தில் எதிர்முனை 990 திருப்பியதாகவும் நம்மிடம் 985 வந்ததாகவும் தெரியவரும்போது, போகையில் 10, வருகையில் 5 என்று நஷ்டத்தைப் பிரித்துச் சொல்லிவிடலாம். இதற்கு இரு கருவிகளின் கடிகாரங்களும் நுட்பமாக ஒத்திருக்க வேண்டும் என்று அஞ்சுவோர் உண்டு. ஒருவழித் தாமதத்தை அளக்கவே அது அவசியம், இழப்பை எண்ணுவதற்கு வரிசை எண்ணே போதும். எவ்வளவு நேரம் காத்திருந்தபின் ஒரு பாக்கெட்டைத் தொலைந்ததாகக் கருதினோம் என்பதை மட்டும் அறிக்கையில் தவறாமல் எழுத வேண்டும்.

நடுவழி ரவுட்டர் ஒன்று நூற்றுக்கு 40 இழப்புக் காட்டுகிறது, ஆகவே பழுது அங்கேதான் என்பது இன்னொரு நம்பிக்கை. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரிடமும் பதில் கேட்கும் டிரேஸ்ரூட் போன்ற சோதனையில் அந்த ரவுட்டர் நமக்குப் பதில் எழுதும் வேலை அதன் பொதுச் செயலிக்கு உரியது. பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் வேலையோ அதற்கென்றே அமைந்த வன்பொருளுக்கு உரியது. பதில்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்திருப்பது தற்காப்பு. கடைசி முனையில் இழப்பே இல்லையெனில், நடுவிலுள்ளவரின் மௌனத்தைக் குற்றமாகக் கருத நியாயமில்லை.

எல்லாவற்றிலும் மிகுந்த தீங்கு விளைவிப்பதாக நான் கருதுவது, நூறு பாக்கெட்டுகள் அனுப்பினோம், ஒன்றும் தொலையவில்லை, ஆகையால் இழப்பு இல்லை என்னும் நம்பிக்கை. இழப்புகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டாலும், அந்த நூறு பாக்கெட்டுகள் நூற்றுக்கு 95 பங்கு நிச்சயத்தோடு நமக்குச் சொல்லக்கூடியதெல்லாம், உண்மையான இழப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 3க்கு மேற்படாது என்பதே. இந்த அடக்கமான விடையைப் பூஜ்யம் என்று எழுதிவிடுவதால் நேரும் அனர்த்தத்துக்கு அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆராய்ச்சி வலையமைப்பான ஈஎஸ்நெட்டின் அனுபவமே சாட்சி. அங்கே வினாடிக்குப் பத்து கிகாபிட் கடத்தும் ரவுட்டர் அட்டையொன்று பழுதுற்று, 22,000 பாக்கெட்டுகளுக்கு ஒன்று வீதம், அதாவது சுமார் 0.0045 சதவீதம், கைவிடத் தொடங்கியது. ரவுட்டரின் சொந்தப் பிழைக் கணக்கில் அது பதிவாகவேயில்லை. ஓவாம்ப் சோதனையே அதைக் காட்டிக்கொடுத்தது. அத்தனை சொற்பமான இழப்பு இல்லையென்று அதே நிச்சயத்தோடு சொல்ல, சுமார் 66,000 பாக்கெட்டுகள் ஒன்றுகூடத் தவறாமல் சேர வேண்டும்: வினாடிக்குப் பத்து அனுப்பினால் 110 நிமிஷம்; பிங்கின் வழக்கப்படி வினாடிக்கு ஒன்று அனுப்பினால் பதினெட்டு மணி நேரத்துக்கும் அதிகம்.

இவ்வளவு அற்பமான இழப்பினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு, மாத்திஸ் முதலிய நால்வர் 1997இல் வெளியிட்ட சூத்திரம் விடை சொல்லும். இழப்பைக் கண்டவுடன் வேகத்தைக் குறைக்கும் பழைய மரபு டி.சி.பி.யின் வேகம், போய்வரும் நேரத்துக்கும் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் எதிர்விகிதத்தில் அமைகிறது என்பது அதன் சாரம். 22,000க்கு ஒன்று என்னும் அதே இழப்பில், 1460 பைட் துண்டுகளை அனுப்புவதாகக் கொண்டு கணித்தால், போய்வர ஒரு மில்லிவினாடி ஆகும் அண்டைக் கட்டடத்துக்கு வினாடிக்கு இரண்டு கிகாபிட் கிடைக்கும்; 80 மில்லிவினாடி ஆகும் தூர தேசத்துக்கோ 26 மெகாபிட்டே மிஞ்சும். அருகில் அமர்ந்து சோதிப்பவருக்குக் குறையொன்றும் தெரியாது. கண்டங்கள் கடந்து விஞ்ஞானத் தரவுகளைப் பெற முயல்பவருக்கு வேலையே ஓடாது.

சராசரியை நம்புவதும் அவ்வாறே ஏமாற்றம் தரும். வினாடிக்குப் பத்து வீதம் ஒரு நாளில் அனுப்பும் 8,64,000 பாக்கெட்டுகளில் நூற்றுக்கு ஒன்று தொலைந்ததென்றால், அது நாள் முழுவதும் தூவிக்கிடந்த இழப்பாகவும் இருக்கலாம். பதினான்கு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக இணைப்பு முற்றிலும் அறுந்துபோனதாகவும் இருக்கலாம். முந்தையதைத் தொலைபேசி உரையாடல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பிந்தையதில் உரையாடலே இல்லை. 1992இல் பெர்க்லியிலிருந்து எம்.ஐ.டி.க்கு வினாடிக்கு ஏறத்தாழ ஒன்றாக அனுப்பிய பிங்குகளை ஸாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்ஸனும் வரிசைப்படுத்திப் பார்த்தபோது, இழப்புகள் 90 வினாடிக்கு ஒருமுறை கொத்தாக நிகழ்வதையும், வழித்தட விவரங்களைப் புதுப்பிப்பதில் ரவுட்டர்கள் முனைந்திருந்த வேளையே அது என்பதையும் கண்டார்கள். விகிதத்தை மட்டும் எழுதிவைத்திருந்தால் அந்தக் காரணம் வெளிப்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. எந்தப் பாக்கெட் எப்போது தொலைந்தது என்னும் பதிவை அழிக்காமல் காப்பது அதனால்தான் அத்தியாவசியமாகிறது.

கருவிகளையும் பரிசோதிக்காமல் விடலாகாது. சிறிய செயலியுடைய மலிவான கருவி, வேறு வேலையில் மூழ்கியிருக்கும் கணத்தில் வாசலுக்கு வந்த பாக்கெட்டைத் தானே கைவிட்டு, பழியைப் பாதையின்மேல் போடும். இரண்டையும் ஒரு கேபிளால் நேரே இணைத்து முதலில் அளந்துகொண்டால், கருவிகளின் சொந்த இழப்பு எவ்வளவு என்பது பிரத்தியட்சமாகிவிடும்.

அவ்வாறு அளந்து திருப்தியடைந்த பிறகும், பூஜ்யம் என்னும் விடை பொய்யாக வர ஒரு வழி உண்டு. பெரிய வலையமைப்புகளில் இரு ரவுட்டர்களுக்கிடையே பல இணைப்புகள் இணையாக ஓடும். இருமுனை முகவரிகள், இரு போர்ட் எண்கள், நெறிமுறை ஆகிய ஐந்தையும் கொண்டு கணித்து, ஒரு தொடரைச் சேர்ந்த பாக்கெட்டுகளையெல்லாம் ரவுட்டர் ஒரே இணைப்பில் செலுத்தும். நான்கில் ஒன்று பழுதுற்றிருந்தும், நம் சோதனைத் தொடர் மற்ற மூன்றில் ஒன்றில் அமைந்துவிட்டால், எத்தனை லட்சம் பாக்கெட்டுகள் அனுப்பினாலும் குறை தென்படாது. நான்கில் ஒரு பங்கு உபயோகிப்பாளர்கள் மட்டும் முறையிட்டுக்கொண்டேயிருப்பார்கள். ஆகையால் சோதனையின் போர்ட் எண்ணை அவ்வப்போது மாற்றி, ஒவ்வொன்றுக்கும் விகிதத்தைத் தனித்தனியே எழுத வேண்டும். சில போர்ட்டுகளில் மட்டும் இழப்புத் தெரிந்து, மற்றவற்றில் அறவே இல்லாதிருந்தால், இணையாக ஓடும் அந்த இணைப்புகளில்தான் முதலில் தேட வேண்டும்.