அப்பீல் போட்டால் எல்லாம் நின்றுவிடுமா?

“அப்பீல் போட்டாச்சு, இனி யாரும் வாசல் பக்கம் வர முடியாது.” சிவில் வழக்கில் தோற்ற வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதை நம்பி இருந்தவர்களுக்கு, கோர்ட் அமீனா வந்து நிற்கும்போதுதான் விஷயம் புரிகிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, இதில் தெளிவாக இருக்கிறது. 41-ஆம் கட்டளையின் 5-ஆம் விதிப்படி, மேல்முறையீடு செய்ததாலேயே தீர்ப்பு நின்றுபோகாது. தடையாணையைத் தனி மனுவில் கேட்க வேண்டும். தடை இல்லாவிட்டால் பெரும் நஷ்டம் வரும் என்று காட்ட வேண்டும். பிணையும் கொடுக்க வேண்டும். தடைக்கு விலையும் உண்டு. டெல்லி கன்னாட் சர்க்கஸில் மாதம் 371 ரூபாய் 90 காசு வாடகையில் இருந்த ஒரு வணிக நிறுவனத்துக்கு வெளியேற்ற உத்தரவு வந்தது. மேல்முறையீடு முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டுமானால், அந்த வாடகையோடு மாதம் 15,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது தீர்ப்பாயம். உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிலைநிறுத்தியது.

இதைவிட அதிகச் சேதம் செய்யும் நம்பிக்கை இன்னொன்று உண்டு: கீழ்க்கோர்ட்டில் விட்டதை மேலே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்பது.

முன்சீப் கோர்ட் தீர்ப்பை எதிர்த்து சப் கோர்ட்டுக்குப் போவதுபோன்ற முதல் மேல்முறையீடு, 96-ஆம் பிரிவு தரும் உரிமை. சாட்சியம், பத்திரம், சட்டம் என அத்தனையையும் அங்கே மறுபடி எடைபோடலாம். ஆனால் பழைய ஆவணங்களை வைத்துத்தான். புதிய சாட்சியத்துக்கு வாசல் மிகக் குறுகல்: கீழ்க்கோர்ட் தவறாக ஏற்க மறுத்திருக்க வேண்டும், அல்லது எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்காததாக இருக்க வேண்டும், அல்லது நீதிமன்றத்துக்கே அது தேவைப்பட வேண்டும். வக்கீல் மறந்துவிட்டார் என்பது பொதுவாக எடுபடாது.

அதற்கு மேலே உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 100-ஆம் பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால் மட்டுமே அது விசாரணைக்கு ஏற்கப்படும். கிரயப் பத்திரத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்துதானா, வயலை அனுபவித்து வந்தது யார் என்பதெல்லாம் பெரும்பாலும் அதற்குள் முடிந்துபோன கேள்விகள். திருத்தத்துக்கு முன்பேகூட எல்லை இருந்தது. ஆந்திராவிலிருந்து வந்த மாதமஞ்சி ராமப்பா வழக்கில், உண்மை பற்றிய கீழ்க்கோர்ட்டின் முடிவை மாற்றிய உயர் நீதிமன்றத் தீர்ப்பை 1963-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே ஒரு குடும்பத்தின் சொத்து உண்மையில் தீர்மானமாவது முன்சீப் கோர்ட் சாட்சிக் கூண்டிலும் முதல் அப்பீலிலும்தான். பணத்தையும் கவனத்தையும் செலவிட வேண்டிய இடமும் அதுவே.

“கோடி ரூபாய்ச் சொத்து, சுப்ரீம் கோர்ட் கேட்காமலா போகும்?” இந்த எண்ணத்துக்கு ஒரு வேர் உண்டு. ஒருகாலத்தில் 20,000 ரூபாய் மதிப்புள்ள சிவில் வழக்குகளுக்கு அரசமைப்பின் 133-ஆம் பிரிவு வழிவிட்டது. 30-ஆவது திருத்தம் அந்தத் தொகையை எடுத்துவிட்டது. இப்போது பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி என்று உயர் நீதிமன்றம் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் 136-ஆம் பிரிவில் சிறப்பு அனுமதி கேட்க வேண்டும். காரணம் சொல்லாமல் அனுமதி மறுத்தால், கீழே வந்த தீர்ப்பு சரியென்று உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியதாகவும் ஆகாது. 2000-ஆம் ஆண்டு குஞ்ஞயம்மது வழக்கில் இது விளக்கப்பட்டது.

கெடு விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். மாவட்ட அளவிலான நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். தீர்ப்பு நகல் கைக்கு வந்த பிறகே கணக்குத் தொடங்கும் என்பது தவறு. நகல் மனு போட்டதிலிருந்து நகல் தயாராகும்வரை ஆகும் நாட்கள் மட்டுமே கழிக்கப்படும். மனுவே போடாமல் கழிந்த நாட்கள் கணக்கில் சேர்ந்துவிடும். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். மன்னிப்பது நீதிமன்றத்தின் விருப்பம்.

ஜெயித்தவருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: தமக்குத் தெரியாமல் தடை வராது என்பது. எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வைத்தால் அறிவிப்பு வரும். அது 90 நாள்வரை செல்லும். அதன்பின் புதிதாகப் போட வேண்டும்.