பழைய ஃபைபர் படகுக்கு அடர் நீலம்

கேள்வி: பல வருடம் ஓடிய வெள்ளை ஃபைபர் படகின் வெளிப்பக்கத்துக்கு அடர் நீலம் அடிக்கலாமா? வெயிலில் கொப்புளம் விடும் என்கிறார்களே?

பதில்: அடிக்கலாம். ஆனால் கொப்புளப் பயம் காரணமில்லாதது அல்ல. உச்சி வெயிலில் வெள்ளைப் படகின் மேல் கை வைக்க முடியும். அடர் நீலமோ கறுப்போ 70 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். சாதாரண பாலியெஸ்டர் ரெசின் இறுக்கம் தளரத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான். கொட்டகையில் வார்த்து இறுகிய ரெசின் அப்போது இன்னும் கொஞ்சம் சுருங்கும்; உள்ளே இருக்கும் ரோவிங் துணியின் நெசவு, கட்டம் கட்டமாக வெளியே தெரியும். ஃபைபருக்குள் ஊறியிருக்கும் ஈரமும் சூடேறிப் பெயின்ட்டை அடியிலிருந்து தள்ளும். கொப்புளம் வருவது இப்படித்தான்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது ஈரம். படகைக் கரையேற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் சில வாரமாவது காயவிட வேண்டும். பிறகு ஒரு பாலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஓரிரு நாள் விட்டால், உள்பக்கம் வியர்க்கிறதா என்று தெரிந்துவிடும். வியர்த்தால் இன்னும் காயவேண்டும். சிறு சுத்தியலால் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் மந்தமான சத்தம் கேட்டால், அங்கே அடுக்கு விட்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மேலே பெயின்ட் அடிப்பது வீண் செலவு.

அடுத்தது, மேற்பரப்பில் படிந்திருக்கும் மெழுகு. எமரி பேப்பரால் தேய்ப்பதற்கு முன்பே கரைப்பான் தோய்த்த துணியால் துடைத்து, ஈரம் ஆறுமுன் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எமரி பேப்பரே மெழுகைக் கீறல்களுக்குள் தள்ளிவிடும். துடைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால் அது விரிந்து படர வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு போகவில்லை.

அடர்நிறப் பளபளப்பு கண்ணாடிபோல எல்லாக் குழியையும் மேட்டையும் காட்டிக்கொடுக்கும். அதனால் உழைப்பின் பெரும்பகுதி பெயின்ட்டுக்கு முந்திய வேலையிலேயே போகும், போகவும் வேண்டும். எபாக்ஸி பட்டி வைத்துச் சமன் செய்து, எபாக்ஸி ப்ரைமர் அடித்து, அதன்மேல் வேறு நிறத்தை மெல்லத் தூவி, நீளக் கட்டையில் எமரி பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். தூவிய நிறம் எங்கே அழியாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். கடைசித் தேய்ப்புக்கு 320 அல்லது 400 நம்பர் பேப்பர்.

மேல்பூச்சுக்கு ஹார்டனர் கலக்கும் பாலியூரிதேன் பெயின்ட்தான் தகும். சாதாரண எனாமல் சீக்கிரம் சுண்ணாம்புபோல வெளுத்துவிடும். நேரடி வெயிலும் பனியும் இல்லாத நேரத்தில், மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிக்கலாம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். ஸ்பிரே கன்னில் அடிப்பவருக்குத் துணி முகக்கவசம் போதவே போதாது. வெளிக்காற்று தரும் சுவாசக் கருவி வேண்டும். எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் அடிப்பாகத்துக்கு இந்தப் பெயின்ட் கூடாது, அதற்குரிய பூச்சு தனி.

மீன்பிடிப் படகுகளுக்கு மாநிலவாரி நிறக்குறியீடு இருப்பதால், நிறம் மாற்றும் முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். மணலில் இழுத்து ஏற்றும் படகில் அடர் நீலத்தின் ஒவ்வொரு கீறலும் வெள்ளையாகத் தெரியும். அப்படிப்பட்ட படகுக்கும், ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே நுரை வைத்துக் கட்டிய படகுக்கும் வெளிர் நீலமே நல்லது.