பொம்மைப் பறவைக்கு மேல்பூச்சு: குந்தா மழையில் எது நிற்கும்?

சங்கப் பாடல்களில் 'பார்வை' என்றால் கண்ணால் பார்ப்பது மட்டும் இல்லை. மற்ற விலங்கைத் தன் பக்கம் இழுக்க வேட்டுவர் பழக்கி வைத்த மானுக்கும் பறவைக்கும் அதே பெயர்தான். அமெரிக்காவில் அதையே பொம்மையாகச் செய்தார்கள். நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் 1924-ல் கிடைத்த கோரை வாத்துகள் சுமார் 2,000 ஆண்டு பழையவை. குகை வறண்டு கிடந்ததால் தப்பின. குந்தாவில் இருந்திருந்தால் ரெண்டு மழைக்காலம் தாங்கியிருக்குமா என்பதே சந்தேகம்.

முதல்லயே சொல்லிடுறேன்: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இந்தக் கட்டுரை அதற்கு இல்லை. பொம்மைக்கு வேறு நல்ல வேலைகள் உண்டு. மெய்ன் கடற்கரைத் தீவு ஒன்றிலிருந்து அழிந்துபோன பஃபின் பறவைகளைத் திரும்ப வரவழைக்க ஸ்டீபன் கிரெஸ் மரப் பொம்மைகளைப் பாறைமேல் நிறுத்தினார். 1981-ல் அங்கே மறுபடி கூடு கட்டின. நம்ம பக்கம் தேவை நேர்மாறு. கேரட், பீன்ஸ் தோட்டத்தில் விரட்டுவதற்காகக் கழுகு பொம்மை. அதையும் அடிக்கடி இடம் மாற்றாவிட்டால் பறவைகள் சில நாளில் பழகிவிடும். காட்டெருமைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, அதை நம்பிச் செய்யாதீங்க.

இழுக்கவோ விரட்டவோ, பொம்மை வெளியில் நிற்கணும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்த மலை இது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நாம் 2,000 மீட்டர் பக்கம் இருக்கிறோம்.

பெரும்பாலானவர்கள் தெர்மகோலில்தான் செதுக்குவீங்க. அதன்மேல் ஸ்ப்ரே பெயின்டோ எனாமலோ நேரடியாக அடித்தால் கரைப்பான் தெர்மகோலைத் தின்றுவிடும். ஃபைபர் படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசினும் அப்படித்தான், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. எபாக்ஸி கரைக்காது. பழைய சாக்கைத் துண்டு துண்டாகக் கிழித்து, எபாக்ஸியில் நனைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி ரெண்டு அடுக்கு ஒட்டுங்க. மேலடுக்கில் சலித்த மரத்தூள் கலந்தால் பளபளப்பு போய்விடும். வெயிலில் மின்னும் கழுகை எந்தப் பறவை நம்பும்?

தோல்வி வருவது பெரும்பாலும் பொருளால் இல்லை, பூசும் நேரத்தால். இரும்புக் குழாய்க்குப் பெயின்ட் அடிப்பவர்களிடம் ஒரு விதி உண்டு: பூசும் பரப்பு பனிப்புள்ளியைவிடக் குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்கணும். பனிப்புள்ளிக்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. 100-லிருந்து ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழிங்க. 18 டிகிரி, 90 சதவீதம் என்றால் 16. இடைவெளி வெறும் 2, அன்றைக்கு டப்பாவைத் திறக்காதீங்க. 75 சதவீதம் என்றால் 13, தாராளமாகப் பூசலாம். மஞ்சூரில் மூடுபனி இறங்கும் சாயங்காலம் முதல் கணக்குதான். காலை வெயில் ஏறியபின் ஆரம்பித்து, மதியத்துக்குள் முடித்து, ராத்திரி அடுப்படி மாதிரி கதகதப்பான அறையில் வைக்கணும். 10 டிகிரிக்குக் கீழே சாதாரண எபாக்ஸி இறுகுவது கிட்டத்தட்ட நின்றுவிடும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் பிசுபிசுப்பாகவே நிற்கும். விகிதம் விகிதம்தான். தோலில் பட்டால் அலர்ஜி வரும், கையுறை கட்டாயம்.

மறுநாள் மேலே மெழுகு மாதிரி ஒரு வழுவழுப்பு தெரிந்தால், அது ஈரக்காற்றில் ஹார்டனர் கக்கிய படலம். தின்னர் வேண்டாம், தண்ணீரும் தேங்காய் நாரும் போதும். அதைத் தேய்த்து எடுக்காமல் அடுத்த பூச்சு போட்டால் தோல் மாதிரி உரிந்து வரும். எபாக்ஸி வெயிலில் பொடியாக உதிரும் என்பதால், கடைசியாக வெளிச்சுவருக்கு அடிக்கும் மேட் அக்ரிலிக் எமல்ஷன் ரெண்டு கோட்.

எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் நுழைவது கம்பி செருகும் ஓட்டை வழியாகத்தான். தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சின்னதாகத் துளைங்க. அப்போது கம்பியைச் சுற்றி இருப்பது எபாக்ஸி, தெர்மகோல் இல்லை.

தோட்டத்துக்குக் கொண்டுபோகும் முன் எடை போடுங்க. கல்லைக் கட்டி ஒரு நாள் வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்து, துடைத்து, மறுபடி எடை. சில கிராம் ஏறியிருந்தாலும் எங்கோ ஒழுகுது, வெளியில் வைக்காதீங்க. அந்த ஈரம் உறைபனியில் விரிந்து பூச்சைப் பிளக்கும். பிறகு உதிரும் வெள்ளை மணிகள் ஓடையில் இறங்கி அணைக்குப் போகும், அதைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது. அந்தப் பயம் இருந்தால் தெர்மகோலை விட்டுவிட்டு, எஸ்டேட்டில் கழித்துப் போட்ட சில்வர் ஓக் துண்டைக் கேட்டு வாங்கி நன்றாகக் காயவைத்துச் செதுக்குங்க. கை வலிக்கும், பூச்சு வேலை இதேதான்.