மதுரா பாதம்: மருந்துக்கு முன் சோதனை

வெறுங்காலுடன் வயலில் உழைப்போருக்கு முள் தைப்பது புதிதன்று. முள்ளுடன் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தசைக்குள் புகுந்துவிட்டால், மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துப் பாதம் வலியின்றி வீங்குகிறது. புண்புழைகள் வழியே சீழும் சிறு மணிகளும் வெளிப்படுகின்றன. 1842-இல் மதுரையில் விவரிக்கப்பட்டதால் ‘மதுரா பாதம்’ எனப் பெயர் பெற்ற இந்நோய், இராஜஸ்தானின் வறண்ட பகுதிகளிலும் காணப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

தோற்றம் ஒன்றாயினும் காரணம் இரண்டு: பாக்டீரியா, பூஞ்சை. பாக்டீரியா வகையைக் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் அமிகாசின் ஊசியும் பெரும்பாலும் குணப்படுத்துகின்றன. அமிகாசின் ஒரு சுற்றுக்கு 21 நாட்கள் தரப்படுவதுண்டு. அப்போது சிறுநீரகத்தையும் செவித்திறனையும் கண்காணித்தல் வேண்டும். பூஞ்சை வகைக்கு இவை பயன்படா. அதற்கு இட்ராகோனசோல் போன்ற மருந்தை ஓராண்டோ அதற்கு மேலோ உட்கொள்வதுடன் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படலாம்.

கரிய மணிகள் பூஞ்சையையும், சிவந்தவை பாக்டீரியாவையும் பொதுவாகக் குறிக்கும். வெண்மணிகள் இரண்டிலும் தோன்றுவதால், நுண்ணோக்கியும் திசுச் சோதனையுமே முடிவு கூற வல்லவை.

சோதனையின்றிக் கடையில் வாங்கி உண்ணும் ஆன்டிபயாடிக், பூஞ்சை நோயாளியின் மாதங்களை வீணாக்குகிறது. அதற்குள் நோய் எலும்பை அரித்துவிடின் காலையே அகற்ற நேரிடும். உழைப்பாளி பிழைப்பை இழப்பார். வலியில்லை என்று வாளாவிராது, வீக்கம் கண்டவுடன் மருத்துவமனையை நாடுவதும், வயலில் காலணி அணிவதுமே தக்க காப்பாகும்.