அறிவும் நாணமும்

யாம் பள்ளியிற் பயின்ற காலத்து, உயிரியல் நூலில் இனப்பெருக்கத்தைக் கூறும் பாடம் வந்தது. ஆசிரியர், "இதனை வீட்டிற் படித்துக்கொள்ளுங்கள்" எனக் கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றார். படித்தவர் சிலர், தோழர் வாய்ப் பொய்ம்மொழி கேட்டவர் பலர். அம்மௌனம் நாணத்தின்பாற்பட்டதோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

திருவள்ளுவர் நாணுடைமை என ஓர் அதிகாரம் வகுத்தார். தகாத செயல் பற்றி நாணுவதே நாணம் என்றும், மகளிர்க்குரிய நாணம் அதனின் வேறு என்றும் முதற் குறளிலேயே பிரித்துரைத்தார். எனவே, நாணத்தக்கது இழிசெயலே, அறிவன்று.

அறியாமையால் விளையும் கேடு பெரிது. முன்னரே அறிவிக்கப்படாத சிறுமி, பூப்பெய்தும் நாளில் உதிரங் கண்டு கொடுநோயென அஞ்சுகிறாள். சிறுவனோ, துயிலில் விந்து வெளிப்படக் கண்டு வலிமை அழிந்ததெனக் கலங்கிப் போலி மருத்துவரிடம் பொருளிழக்கிறான். இரண்டும் இயற்கையே, ஒரு நாட் பாடம் அவ்வச்சத்தைப் போக்கும்.

இனி, நம் நாட்டு வரலாறு ஒன்று கேண்மின். எயிட்சு நோய் ஒழுக்கமுள்ள நம் நாட்டிற் புகாது எனப் பலர் கருதியிருந்த 1986-ஆம் ஆண்டில், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, ஆசிரியை சுநீதி சாலமனின் வழிகாட்டுதலின்படி, பாலியல் தொழிலில் ஈடுபட்ட மகளிர் சிலரின் குருதியைத் திரட்டி, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று சோதித்தார். அறுவர் குருதியில் எச்.ஐ.வி. கிருமி காணப்பட்டது. இந்தியாவில் அஃது அறியப்பட்டது அதுவே முதன்முறை.

அக்கிருமி காப்பற்ற புணர்ச்சியாலும், நோயுற்ற குருதியாலும், பிறர்க்கிட்ட ஊசியாலும், தாய்வழிச் சேய்க்கும் பரவும். கைதொடுதலாலும் உடனுண்ணலாலும் பரவாது. முன்னதை அறியாதார் நோயுற்றனர். பின்னதை அறியாதார் நோயுற்றாரை வீட்டினின்றும் விலக்கினர். இருசாராரையும் கெடுத்தது அறியாமை ஒன்றே. இக்காலத்து மருந்தோ, நோயை அடக்கிச் சேயையும் காக்கவல்லது.

இவற்றைக் கற்பித்தால் இளையோர் நெறி தவறுவர் என்பாரும் உளர். 2007-இல் மகாராட்டிரம், கருநாடகம் முதலிய மாநிலங்கள் இத்தகைய கல்வியை மறுத்தன. ஆயின், சுவீடன் நாடு 1955-லேயே இதனைக் கட்டாயப் பாடமாக்கியது. இக்கல்வி இளையோரைப் புணர்ச்சிக்கு விரைவிப்பதில்லை என்பதே யுனெசுகோ நிறுவனம் பல ஆய்வுகளைத் திரட்டிக் கண்ட முடிபு. மேலும், தன் உறுப்புகளின் பெயரறிந்து, 'வேண்டா' எனச் சொல்லவும் கற்ற குழந்தையே தனக்கு நேர்ந்த தீங்கை எடுத்துரைக்கவல்லது. அக்குழந்தையைக் காக்கச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டது. ஆயினும், சொல்லறியாதார்க்குச் சட்டம் எங்ஙனம் உதவும்?

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் நாளை ஆசிரியராவோம், பெற்றோரும் ஆவோம். அன்று அப்பாடம் வருங்கால், ஏட்டைப் புரட்டிக் கடந்துசெல்லாதிருப்போமாக.