ஃபெர்குசனோடு சேர்ந்து போனவர்கள்

2013 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட் இங்கிலாந்தின் சாம்பியன். 89 புள்ளிகள், இரண்டாம் இடத்து மான்செஸ்டர் சிட்டியைவிட 11 அதிகம். ஓராண்டு கழித்து அதே அணி 64 புள்ளிகளோடு ஏழாம் இடத்தில் நின்றது. நடுவில் மாறியதாக எல்லோர் கண்ணிலும் பட்டது ஒரே ஒரு ஆள்தான். 26 ஆண்டுகள் அணியை நடத்தி 38 கோப்பைகள் வென்ற அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். எவர்டனில் 11 ஆண்டுகள் இருந்த டேவிட் மோயஸ் வந்தார். ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர், பத்து மாதம் முடிவதற்குள் 2014 ஏப்ரல் 22 அன்று வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

அன்றிலிருந்து இந்தக் கதையைச் சுற்றிச் சில நம்பிக்கைகள் வளர்ந்துவிட்டன. கால்பந்து பேசுகிற எந்தக் கூட்டத்திலும் அவற்றைக் கேட்கலாம். பெரும்பாலானவை பாதி உண்மை. அதனால்தான் அவற்றை அசைப்பது கடினம்.

“சாம்பியன் அணியைக் கையில் கொடுத்தார்கள், மோயஸ் கெடுத்துவிட்டார்”

ஃபெர்குசனின் கடைசி சீசனில் யுனைடெட் லீக்கில் வாங்கிய கோல்கள் 43. அடுத்த சீசனிலும் அதே 43தான். எதிரணிகள் ஒரு கோல்கூடக் கூடுதலாக அடிக்கவில்லை. குறைந்தது யுனைடெட் அடித்த கோல்கள்: 86 என்பது 64 ஆனது. அந்த 22 கோல் பள்ளத்தில் 14 ஒரே ஆளுடையது. முந்தைய சீசனில் 26 கோல் அடித்த ராபின் வான் பெர்சி, காயங்களுக்கு நடுவே 12தான் அடித்தார்.

43 கோல் வாங்கிக்கொண்டு சாம்பியன் ஆவது எளிதல்ல. அதற்கு முந்தைய ஆண்டு இதே யுனைடெட் 33தான் வாங்கியது. 89 புள்ளி எடுத்தும் கோல் வித்தியாசத்தில் கோப்பையைச் சிட்டியிடம் பறிகொடுத்தது. ஆக 2013-ல் கோப்பையைத் தூக்கிய அணியின் கூரை ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருந்தது. பின்தங்கிய ஆட்டங்களைத் திருப்பித் திருப்பி வென்று அதை மறைத்தார்கள். மோயஸ் வந்த கோடையில் ரியோ ஃபெர்டினாண்டுக்கு 34 வயது, எவ்ராவுக்கு 32, விடிச்சுக்கு 31, ரயன் கிக்ஸுக்கு 39. பால் ஸ்கோல்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். அடுத்த கோடை முடிவதற்குள் அந்த நால்வரும் யுனைடெட் சட்டையைக் கழற்றிவிட்டார்கள்.

அதற்காக மோயஸ் மேல் பிழையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 11 புள்ளி முன்னால் நின்ற அணியை ஏழாம் இடத்துக்கு இறக்க வயது மட்டும் போதாது. அவர் காலத்தில் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் லீக்கில் மட்டும் ஆறு தோல்விகள். நியூகாசில் அங்கே வந்து வென்றது 1972-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. வீரர்களுக்கு வயது கூடியதால் மட்டும் இது நடந்துவிடாது. வேறொன்று நடந்திருக்கிறது.

“ஒருவர் போனார், ஒருவர் வந்தார், அவ்வளவுதான்”

எனக்கு மிகவும் உறுத்துகிற நம்பிக்கை இதுதான். 2013 கோடையில் யுனைடெட்டை விட்டுப் போனவர் ஃபெர்குசன் மட்டுமல்ல. பத்து ஆண்டுகளாகத் தலைமை நிர்வாகியாக இருந்து, வீரர்களை வாங்கும் பேரங்களை நடத்திவந்த டேவிட் கில்லும் அதே கோடையில் விலகினார். அந்த இடத்துக்கு வந்த எட் வுட்வர்ட் வங்கித் துறையிலிருந்து வந்தவர்; வணிகப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். துணை மேனேஜர் மைக் ஃபீலன், அன்றாடப் பயிற்சியை நடத்திய ரெனே மியூலன்ஸ்டீன், கோல் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுத்த எரிக் ஸ்டீல் என மூவரும் போனார்கள். மோயஸ் தன்னோடு எவர்டனில் இருந்த ஸ்டீவ் ரவுண்ட், ஜிம்மி லம்ஸ்டன், கிறிஸ் வுட்ஸ் ஆகியோரை அழைத்துக்கொண்டார். புதிதாக வருகிறவர் தனக்குப் பழகிய ஆட்களைத் தேடுவது இயல்பு. ஆனால் அந்த வீட்டில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தெரிந்தவர்கள் ஒரே கோடையில் வெளியேறினார்கள்.

அதன் விலை உடனே தெரிந்தது. எவர்டன் வீரர் மரூவான் ஃபெல்லெய்னியின் ஒப்பந்தத்தில் 2.35 கோடி பவுண்டு கொடுத்தால் விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஜூலையோடு அது காலாவதியானது. யுனைடெட் செப்டம்பர் 2, சந்தை மூடும் கடைசி நாள் வரை இழுத்து, 2.75 கோடி கொடுத்து அவரை வாங்கியது. விதியை மோயஸுக்கு யாரும் எடுத்துச்சொல்லவேண்டியதில்லை. ஃபெல்லெய்னி அவருடைய பழைய அணியின் வீரர். தெரியாமல் போனது விஷயம் அல்ல. பேரத்தைக் காலத்தில் முடிக்கும் கை அங்கே இல்லாமல் போயிற்று.

2014 பிப்ரவரி 9 ஆட்டத்தை நான் மறக்கவில்லை. நம் ஊரில் ஞாயிறு இரவு. எதிரே லீக்கின் கடைசி இடத்தில் இருந்த ஃபுல்ஹாம். யுனைடெட் வீரர்கள் 81 முறை ஓரங்களிலிருந்து பந்தை கோல் முன்னால் தூக்கிப் போட்டார்கள். எண்பத்தொன்று! நடுவழியாக உடைக்க வேறு யோசனை யாருக்கும் வரவில்லை. கூடுதல் நேரத்தில் டேரன் பென்ட் தலையால் முட்டி 2-2 ஆக்கினார். அன்று ஃபுல்ஹாமின் பயிற்சியாளர் யார் தெரியுமா? ரெனே மியூலன்ஸ்டீன். எட்டு மாதத்துக்கு முன்பு இதே வீரர்களைச் சாம்பியன்களாகப் பயிற்றுவித்தவர். பந்து எங்கிருந்து வரும், எந்தத் தலை அதை எதிர்கொள்ளும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவேண்டியிருந்திருக்காது.

“ஃபெர்குசனுக்குக் கொடுத்த அவகாசத்தை மோயஸுக்கும் கொடுத்திருக்க வேண்டும்”

1986 நவம்பரில் ஃபெர்குசன் பொறுப்பேற்றபோது யுனைடெட் 21-ம் இடத்தில் கிடந்தது. முதல் கோப்பை 1990-ல்தான் வந்தது, முதல் லீக் பட்டம் 1993-ல். இவை உண்மை. ஆனால் ஒப்பீடு பொருந்தாது. 1967-க்குப் பிறகு லீக்கை வெல்லாத, பள்ளத்தில் இருந்த அணி அது. அங்கிருந்து எந்தப் படியும் மேலேறும் படிதான். மோயஸ் உச்சியில் ஏறி நின்றார். ஃபெர்குசன் செய்தது கட்டுமானம். மோயஸிடம் கேட்டது, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் நிறுத்தாமலே சக்கரத்தை மாற்றும் வேலை.

“ஆலமரத்தடியில் எதுவும் முளைக்காது”

இந்த நம்பிக்கையை உடைக்க 1974 ஜூலை ஒன்றே போதும். ஒரே மாதத்தில் இங்கிலாந்தின் இரண்டு ஆலமரங்கள் இடம்பெயர்ந்தன. லிவர்பூலில் பில் ஷாங்க்லி ஓய்வு அறிவித்தார். சாம்பியன் அணியான லீட்ஸை விட்டு டான் ரெவி தேசிய அணிக்குப் போனார்.

லீட்ஸ் வெளியே தேடியது. பல ஆண்டுகளாக அந்த அணியின் முரட்டு ஆட்டத்தைப் பகிரங்கமாகச் சாடிவந்த பிரையன் கிளஃபையே கொண்டுவந்து உட்காரவைத்தது. அவருடைய வலக்கரமான பீட்டர் டெய்லர் உடன் வரவில்லை. 44 நாட்கள், லீக்கில் ஒரே ஒரு வெற்றி, வெளியேற்றம். அதே சீசனில், அதே வீரர்கள், ஜிம்மி ஆம்ஃபீல்டின் கீழ் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனார்கள். டெய்லரோடு மீண்டும் சேர்ந்த கிளஃப், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டோடு 1979, 1980 என அடுத்தடுத்து அந்தக் கோப்பையை வென்றார். வீரர்களும் நல்லவர்கள், மேனேஜரும் மேதை. சேர்த்து வைத்தால் 44 நாள்.

லிவர்பூல் வெளியே போகவில்லை. ஆன்ஃபீல்டில் வீரர்களின் காலணிகளை வைக்கும் ஒரு சிறிய அறை இருந்தது. ‘பூட் ரூம்’ என்பார்கள். பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன் போன்ற உதவியாளர்கள் அங்கே உட்கார்ந்து ஆட்டங்களை அலசுவார்கள். இதில் பலரும் கவனிக்காதது ஒன்று உண்டு: 1959-ல் ஷாங்க்லி புதியவராக வந்தபோது அந்த உதவியாளர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். அவர் யாரையும் அனுப்பவில்லை. அந்த முடிவின் பலன்தான் 1974-ல் பெய்ஸ்லி. ஒன்பது சீசன்களில் ஆறு லீக் பட்டம், மூன்று ஐரோப்பியக் கோப்பை. ஷாங்க்லிக்குக் கைகூடாத கோப்பை அது. 1983-ல் பெய்ஸ்லியும் விலக, அடுத்து வந்த ஃபேகன் முதல் சீசனிலேயே லீக், லீக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றையும் வென்றார்.

அண்மைக் காலத்திலும் லிவர்பூல்தான் உதாரணம். யூர்கன் கிளாப் தன் நடுக்களத்தை 2023 கோடையில் நான்கு புதியவர்களைக் கொண்டு புதுப்பித்தார். 2024 ஜனவரியிலேயே விலகலை அறிவித்துத் தேட நேரம் கொடுத்தார். கடைசி ஆட்டத்தன்று அரங்கத்தைத் தன்னோடு சேர்த்து ஆர்னே ஸ்லாட்டின் பெயரைப் பாடவைத்தார். ஸ்லாட் முதல் சீசனிலேயே லீக்கை வென்றார்.

“பழையவர் அரங்கில் உட்கார்ந்திருந்ததே பாரம்”

2013-14-ல் ஒவ்வொரு கோல் விழும்போதும் கேமரா மேலே ஃபெர்குசனின் முகத்துக்குத் தாவியது. பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஆனால் அவர் முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. இந்தக் குற்றச்சாட்டு உண்மையில் பொருந்துவது இதே யுனைடெட்டின் 1969-க்கு. மேட் பஸ்பி விலகியபோது 31 வயது வில்ஃப் மெக்கின்னஸை அமர்த்தினார்கள். வீட்டுப் பிள்ளைதான், ரிசர்வ் அணியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஆனால் முதலில் கொடுத்த பதவி ‘தலைமைப் பயிற்சியாளர்’ மட்டுமே. பொது மேனேஜராக மேலே பஸ்பியே இருந்தார். கூட ஆடிய, தன் வயதே ஆன பாபி சார்ல்டனுக்கு மெக்கின்னஸ் உத்தரவு போடவேண்டியிருந்தது. 1970 டிசம்பரில் அவரை இறக்கிவிட்டு பஸ்பியே திரும்ப வந்தார். 1974-ல் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1969-ல் பழையவர் போகவேயில்லை. 2013-ல் பழையவரோடு எல்லோருமே போய்விட்டார்கள்.

“மோயஸுக்குப் பெரிய மேடையில் திறமை போதாது”

2023 ஜூன் 7, பிராக் நகரம். ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆட்டம். 90-வது நிமிடத்தில் ஜாரெட் போவன் கோல் அடிக்க, வெஸ்ட் ஹாம் 2-1 என்று ஃபியோரன்டினாவை வென்றது. 1980-க்குப் பிறகு அந்த அணி தூக்கிய முதல் பெரிய கோப்பை. மேனேஜர் டேவிட் மோயஸ், வயது 60.