பணத்தாளில் எண்ணழகு

நாம் நாள்தோறும் கையாளும் பொருள்களுள் பணத்தாளைப்போல் பலர் கைபட்டு உலவுவது வேறொன்று இல்லை. கடையிற் கொடுக்கிறோம், மீதி பெறுகிறோம், பத்து ரூபாயா, நூறு ரூபாயா என்று மட்டும் நோக்குகிறோம். அதன் முகத்தில் அச்சிடப்பட்டிருக்கும் வரிசை எண்ணை நம்மில் எத்துணைப் பேர் படித்திருப்போம்? அவ்வெண்ணையே கூர்ந்து நோக்கி, புதுமை வாய்ந்தவற்றைத் தேர்ந்து சேர்த்துவைப்போர் நம் நாட்டிற் பலர் உளர். அஞ்சல்தலை திரட்டுதல், பழங்காசு திரட்டுதல் போன்று இதுவும் அறிவுக்கு விருந்தாகும் ஒரு பொழுதுபோக்கு. அதன் இயல்பினையும், அதனைச் சூழ்ந்துள்ள இடரினையும் இப்பாடத்திற் காண்போம்.

முதற்கண், பணத்தாளுக்கு எண் எதற்கு என்பதை அறிதல் வேண்டும். பொற்காசும் வெள்ளிக்காசும் தம் உலோகத்தாலேயே மதிப்புப் பெற்றன. தாளுக்கோ அத்தகைய மதிப்பு இல்லை. அதனை வெளியிட்டவர் தரும் உறுதியே அதற்கு மதிப்பு. ஆதலின், வெளியிட்ட தாள்களுக்குப் பிழையில்லாத கணக்கு இருத்தல் இன்றியமையாததாகும். இந்தியாவில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணத்தாள் வெளியிடும் உரிமை அரசாங்கத்துக்கே உரியதாயிற்று. 1935இல் ரிசர்வ் வங்கி நிறுவப்பட்டது. 1938 முதல் அவ்வங்கி தன் பெயரால் தாள்களை வெளியிட்டு வருகிறது. இன்றைய தாளில் எண்ணும் எழுத்தும் கலந்த மூன்று குறிகள் முன்னும், ஆறு இலக்க எண் பின்னும் நிற்கும். எல்லாக் குறிகளும் ஒத்த இரு தாள்கள் கிடைப்பின், அவற்றுள் ஒன்றேனும் கள்ளத்தாள் என ஐயுறலாம். கையூட்டு வாங்குவோரைப் பிடிக்கும் அதிகாரிகள், கொடுக்கப்படும் தாள்களின் எண்களை முன்னரே குறித்துக்கொள்வதும் இதுபற்றியே. ஆகவே, எண் என்பது தாளுக்கு இட்ட பெயர் எனலாம்.

இனி, திரட்டுவோர் விரும்பும் எண்கள் எவை எனப் பார்ப்போம். 111111, 777777 என ஓர் இலக்கமே ஆறு முறை வருவன ஒருவகை. முன்னெழுத்துகளின் ஒவ்வொரு தொகுதியிலும் இத்தகையன ஒன்பதே உண்டு. 123456 என ஏணிப்படிபோல் ஏறுவன மற்றொருவகை. தொகுதியின் தொடக்கமாகிய 000001 என்பதற்குத் தனிச் சிறப்பு உண்டு. 150847 என்னும் எண்ணைக் கண்டவர், நாடு விடுதலை பெற்ற 15-8-1947ஆம் நாளை அதிற் கண்டு மகிழ்வர். தம் மக்கள் பிறந்த நாள் அமைந்த எண்ணைத் தேடிப் பல்லாண்டு காத்திருக்கும் பெற்றோரும் உளர்.

தமிழ் பயில்வோர்க்கு இன்பம் தரும் வகை இன்னொன்று உண்டு. முதலிலிருந்து படிப்பினும் இறுதியிலிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமையும் செய்யுளை நம் முன்னோர் மாலைமாற்று என்றனர். திருஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியுள்ளார். அதுபோலவே 123321, 480084 போன்ற எண்களும் இருபுறமும் ஒன்றாகவே நிற்கும். ஒரு கட்டில் நூறு தாள்கள் உள்ளன என்பதை நீவிர் அறிவீர். 123000 முதல் 123999 வரை உள்ள ஆயிரம் எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இலக்கங்கள் மாறாமையால், அவற்றைத் திருப்பி வைத்த 321 என்னும் ஒரு முடிவே பொருந்தும். எனவே, பத்துக் கட்டுகளைப் புரட்டினால் ஒரே ஒரு மாலைமாற்று எண் கிட்டும். இவ்வாறு கணக்கறிவும் இப்பொழுதுபோக்கினால் வளர்கிறது.

786 என்னும் எண்ணை இசுலாமியப் பெருமக்கள் போற்றுவர். இறைவன் திருப்பெயரால் தொடங்கும் அரபுத் தொடரின் எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் வரும் தொகை அது என்பர். பிற சமயத்தாரும் அவ்வெண்ணுடைய தாளைப் பேணி வைப்பதை நம் ஊர்களிற் காணலாம். இனி, முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே விண்மீன் குறி பொறித்த தாள்கள் சில உண்டு. அச்சிற் பழுதுபட்ட தாளுக்கு மாற்றாக வைக்கப்படுவன அவை. முன்னர்ப் பழுதுற்ற தாளின் எண்ணையே மாற்றுத்தாளிலும் அச்சிட்டு வந்தனர். 2006 முதல் இக்குறியிட்ட தாளை வைக்கும் முறை ஏற்பட்டது. இவை கள்ளத்தாள்கள் என்று எழுந்த பொய்யுரையை மறுத்து, ஏனைய தாள்களைப்போலவே செல்லத்தக்கன என்று ரிசர்வ் வங்கி 2023இல் அறிவித்தது.

இங்கு ஒரு வினா எழும். இத்தாள்களின் மதிப்பு யாது? 777777 என்பது ஒரு தொகுதியில் ஒன்றே. 472915 என்பதும் ஒன்றே. அருமையால் இரண்டும் ஒக்கும். அழகினைக் காண்பது நம் கண்ணே ஆகும். கடையில் இரண்டும் தத்தம் முகத்தில் எழுதிய விலையே பெறும். விரும்புவார் ஒருவர் இருப்பின், மடிப்பும் கறையும் இல்லாத தாளுக்குச் சிறிது மிகுதியாகக் கொடுப்பர், அவ்வளவே.

இதனை உணராமல் கெட்ட ஒருவரை யான் அறிவேன். எங்கள் ஊரில் சிறு மளிகைக்கடை வைத்திருந்த பெரியவர் அவர். 786 என முடியும் பத்து ரூபாய்த்தாள் ஒன்று அவரிடம் இருந்தது. அதனைப் பல இலக்கத்துக்கு வாங்கிக்கொள்வதாகத் தொலைபேசியில் ஒருவன் நயமாகப் பேசினான். முதலிற் பதிவுக் கட்டணம் என்றான். பின்னர் வரி என்றான். பின்னும் தரகு என்றான். பெரியவர், மகளின் திருமணத்துக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை மூன்று முறையாக அனுப்பினார். அதன்பின் அக்குரல் கேட்கவில்லை. நாணத்தால் அவர் ஒரு திங்கள் வரை மனைவியிடமும் உரைத்திலர். இறுதியில் அந்தப் பத்து ரூபாய்த்தாள் மட்டுமே அவர்பால் எஞ்சியது.

பழந்தாள்களையும் காசுகளையும் வாங்கி விற்கும் செயலில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்கெனக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும், தன் பெயரால் அவற்றைப் பெற எவர்க்கும் உரிமை அளிக்கவில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டுத் திங்களில் மக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. பொருள் தருவதாகச் சொல்பவன் முன்னரே நம்மிடம் பொருள் கேட்பானாயின், அவன் வஞ்சகன் என்று தெளிதல் வேண்டும்.

மாணவர்களே! இப்பொழுதுபோக்கினை மேற்கொள்ள விரும்பின், பெரும்பொருள் வேண்டா. வீட்டில் செலவுக்கு வரும் தாள்களை ஒருமுறை நோக்குங்கள். புதுமையான எண்ணைக் கண்டால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர் இசைந்தால் ஒன்றிரண்டைத் தூய உறையில் இட்டுப் பேணுங்கள். தாளின்மேல் எழுதுதலும் அதனை மடித்துக் கசக்குதலும் ஆகா. பிறர் காணாது கடந்த ஒன்றை நாம் கண்டோம் என்னும் மகிழ்ச்சியே இதன் பயன். அம்மகிழ்ச்சியோடு நிற்பவர்க்கு இழப்பு இல்லை. அதனை விலையாக்க விரைபவர் கையிலுள்ளதையும் இழப்பர்.